மறு: ஜாக்கி ஸ்டாண்டுக்கு என்ன சொல்? "தாங்குகால்"னு வைக்கலாம்

எல்லாருக்கும் வணக்கம்,

நாம மொழிபெயர்க்கிற கார் கையேட்டுக்குச் சொல் தேடுற இந்த இழையை ரெண்டு நாளா படிச்சிட்டே இருக்கேன், பதில் எழுத இப்பதான் நேரம் கிடைச்சுது. புதுசா வந்தவங்களுக்கு: ஜாக்கி ஸ்டாண்டுன்னா ஜாக்கியால தூக்கின காரைத் தாங்குறதுக்கு அடியில வைக்கிற இரும்புக் கால். நீளமாத்தான் போகும், பொறுத்துக்கோங்க.

> ஜாக்கி என்றால் பாரந்தூக்கி. ஜாக்கி ஸ்டாண்ட் என்றால் பாரந்தூக்கித் தாங்கி. இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

இருக்குங்க ஐயா. நீங்க சொல்றதுல இலக்கணப் பிழை எதுவும் இல்ல, ஆனா எனக்கு இந்தச் சொல் மேல ஏன் இவ்ளோ அக்கறைன்னு முதல்ல சொல்லிடறேன்.

நானும் எங்க அண்ணனும் வீட்டுலயே ஒரு தாழ்வான ஸ்போர்ட்ஸ் காரைத் தூக்கி முன்பக்க பிரேக் பேடு மாத்திட்டு இருந்தோம். நான் ஒரு பக்கம், அண்ணன் அந்தப் பக்கம். "ஜாக்கி வச்சாச்சா?"ன்னு கேட்டேன், "வச்சாச்சு"ன்னு சொன்னாரு. நான் கேட்டது ஸ்டாண்டை, அவரு சொன்னது ஜாக்கியை, ஏன்னா எங்க பேச்சுல ரெண்டுமே ஜாக்கிதான், பெரிய ஜாக்கி, சின்ன ஜாக்கி, கால் ஜாக்கி, அவ்ளோதான். நான் மல்லாக்கப் படுத்து தோள் வரைக்கும் உள்ள போயிட்டு டார்ச் அடிச்சுப் பாக்கிறேன், ஸ்டாண்டு ரெண்டும் சுவத்தோரமா சாஞ்சு கிடக்கு. என் நெஞ்சுக்கு மேல இருந்த அத்தனை பாரமும் ஜாக்கியோட உள்ளங்கை அகல தலை மேல மட்டும் நிக்குது. மெதுவா நகந்து வெளிய வந்துட்டேன், ஒண்ணும் ஆகல. ஆனா அரை மணி நேரம் கழிச்சுப் பாத்தா அந்த ஜாக்கி ஒரு விரக்கடை அளவு தானா இறங்கியிருந்துச்சு. அதுக்கப்புறம் எனக்கு இது வெறும் சொல்லாக்க விளையாட்டா தெரியல.

ஹைட்ராலிக் ஜாக்கியில காரைத் தூக்கி வச்சிருக்கிறது எண்ணெயோட அழுத்தம்தான். நடுவுல ஒரு ரப்பர் சீல், ஒரு சின்ன வால்வு. சீல் தேஞ்சா இறங்கும், வால்வுல ஒரு தூசி மாட்டினாலும் இறங்கும், யாரோ கைப்பிடியை இடிச்சுத் திருப்பிட்டாலும் இறங்கும். ஸ்டாண்டுல எண்ணெயே கிடையாது, இரும்புக்கு மேல இரும்பு, அவ்ளோதான். ஜாக்கி தூக்குறதுக்கு மட்டும், ஸ்டாண்டு தாங்குறதுக்கு மட்டும். இந்த ஒரு வித்தியாசத்தைச் சொல்லே சொல்லணும், அதுதான் என் கட்சி. "பாரந்தூக்கித் தாங்கி"ன்னா பாரந்தூக்கியைத் தாங்குற ஏதோ ஒண்ணுன்னுதான் படிக்கிறவனுக்குத் தோணும், காரைத் தாங்குறதுன்னு தோணாது. அதுவுமில்லாம பாரந்தூக்கின்னு கிரேனுக்குச் சொல்றோம், லிஃப்டுக்கு மின்தூக்கி வந்தாச்சு. ஜாக்கியை ஜாக்கியாவே விட்டுடலாம்ங்க, அது தமிழ் வாயில உருண்டு உருண்டு நம்ம சொல்லாவே ஆயிடுச்சு, அதுக்கு யாரும் குழம்புறதில்ல. குழப்பம் ஸ்டாண்டுலதான்.

> வெறும் "தாங்கி" போதுமே?

தம்பி, நானும் முதல்ல அதைத்தான் எழுதி வச்சிருந்தேன். ஆனா பேரிங்குக்குப் பாடப்புத்தகத்துல தாங்கின்னு ஏற்கனவே இருக்கு. நாம மொழிபெயர்க்கிற அதே கையேட்டுல நாலு பக்கம் தள்ளி வீல் பேரிங் வருது, "தாங்கியில வண்டியை நிறுத்திட்டு தாங்கியைக் கழட்டவும்"னு எழுதினா படிக்கிறவன் எதைக் கழட்டுவான்? வேற துறையில மோதினா பரவால்ல, ஒரே வண்டிக்கு அடியில மோதக்கூடாது.

> சுமைதாங்கி?

இது என் மனசுக்கு ரொம்பப் பிடிச்சுது. தலைச்சுமையோட வந்தவன் இறக்கி வச்சிட்டு மூச்சு வாங்குற கல்லு, தூக்கினதை இன்னொண்ணு மேல மாத்தி வைக்கிறதுங்கிற கருத்து அப்படியே உள்ள இருக்கு. ஆனா இன்னிக்கு சுமைதாங்கின்னா குடும்பத்தைச் சுமக்கிற ஆளுன்னுதான் பேச்சுல வருது, "நாலு சுமைதாங்கி எடுத்துட்டு வா"ன்னு வேலை நேரத்துல யாரும் கத்த மாட்டாங்க. சொல் கையில கிரீஸோட சொல்ற மாதிரி இருக்கணும்.

முட்டு, முட்டுக்கட்டை பத்தி மூணு பேர் எழுதியிருந்தீங்க. முட்டுக்கட்டையை இதுக்குச் செலவழிக்கவே கூடாதுன்னு நான் அடிச்சுச் சொல்வேன், ஏன்னா அது இன்னொரு பொருளுக்கு வேணும். உருளுற சக்கரத்துக்கு அடியில கொடுத்து நிறுத்துற ஆப்புக் கட்டைக்கு, தேர்ச்சக்கரத்துக்குப் போடுறோமே, அதுக்கு முட்டுக்கட்டைன்னு பேர் தயாரா இருக்கு. காரோட சக்கரத்துக்கும் அதேதான், புதுசா "சக்கரத்தடுப்பான்" எல்லாம் வேண்டாம்.

சரி, என் சொல்: தாங்குகால்.

ஊன்றுகோல் மாதிரியே அமைஞ்ச சொல். பந்தக்கால்னு சொல்றப்போ கால்னா நட்டு நிக்கிற கம்பம்தானே, ஸ்டாண்டோட உருவமும் அதுதான், அகலமான அடி, நடுவுல ஏறி இறங்குற ஒரு தண்டு. "தாங்குகால் வச்சாச்சா?"ன்னு கேட்டா அதுக்கு ஜாக்கியை நினைச்சு யாரும் ஆமான்னு சொல்ல முடியாது. எனக்கு அந்த ஒரு சோதனையில தேறினா போதும். வகை பிரிக்கவும் வசதி, பல் கவ்வி நிக்கிறது பல் தாங்குகால், ஓட்டையில குறுக்கே கம்பி சொருகுறது ஊசித் தாங்குகால். இந்த வகைப்பிரிப்பும் சும்மா இல்ல, 2020ல அமெரிக்காவுல பல் வச்ச ஸ்டாண்டுகளை லட்சக்கணக்குல திரும்பப் பெற்றாங்க, பல் முழுசா கவ்வாம தண்டு இறங்கிடுற ஆபத்து இருந்ததால. எதை வாங்குறோம்னு சொல்ல ரெண்டு பேர் வேணும்.

அடுத்தது காருக்கு அடியில ஜாக்கி கொடுக்கிற இடம்.

> "தூக்கும் புள்ளி" என்று நேரடியாக வைக்கலாம்.

தூக்குன்னு ஆரம்பிச்சாலே எனக்குத் தூக்குமேடை ஞாபகம் வருது, அது ஒண்ணு. இன்னொண்ணு, அது புள்ளியே இல்ல. குனிஞ்சு பாத்திருக்கீங்களா? கதவுக்குக் கீழ நெடுக ஒரு தகடு விளிம்பு தொங்கும், ரெண்டு மூணு தகட்டை ஒண்ணு மேல ஒண்ணு வச்சு பொட்டுப் பொட்டா வெல்டு பண்ணியிருப்பாங்க, அந்த விளிம்புல முன்சக்கரத்துக்குக் கொஞ்சம் பின்னாடி ரெண்டு சின்ன வெட்டு இருக்கும், அந்த ரெண்டு வெட்டுக்கும் நடுவுல இருக்கிற நாலு விரல் நீளம்தான் பாரம் தாங்குற மாதிரி உள்ள பலப்படுத்தியிருக்கும். பின்சக்கரத்துக்கு முன்னாடியும் அதே மாதிரி. ஒரு சாண் தள்ளி ஜாக்கியைக் கொடுத்தா விளிம்பு காகிதம் மாதிரி மடங்கும். எல்லாக் காருக்கும் இப்படித்தான்னு இல்ல, கார்வெட்ங்கிற ஸ்போர்ட்ஸ் கார்ல அடியில நீள்வட்ட ஓட்டை இருக்கும், அதுல பொருந்துற மாதிரி தனியா ஒரு கட்டையை மாட்டித்தான் தூக்குவாங்க. அதனால ஏந்திடம்னு சொல்றேன். ஏந்துறதுன்னா உள்ளங்கையை விரிச்சு அடியில கொடுக்கிறது, ஜாக்கியோட தலை செய்யிற வேலையும் அதுதான். விளிம்புக்கு ஒட்டுவிளிம்புன்னு வைக்கலாம், இதைவிட நல்லது இருந்தா மாத்திக்கலாம், எனக்குப் பிடிவாதம் இல்ல.

சொல்லைத் தனியா வச்சுப் பாத்தா எல்லாம் அழகாத்தான் இருக்கும், வாக்கியத்துல போட்டாத்தான் தெரியும். அதனால கையேட்டோட அந்தப் பகுதியை இந்தச் சொற்களை வச்சு நானே எழுதிப் பாத்தேன், படிச்சு எங்க தட்டுதுன்னு சொல்லுங்க:

"காரைச் சமமான, கெட்டியான சிமெண்டுத் தரையில் நிறுத்தி கியரில் போட்டு ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிடவும். சக்கரத்தைக் கழற்றப் போகிறீர்கள் என்றால் சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளவும். முன்பக்கம் தூக்குவதானால் பின்சக்கரங்களுக்கு இருபுறமும் முட்டுக்கட்டை போடவும். பின்பக்கம் தூக்குவதானால் முன்சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை கட்டாயம், ஏனென்றால் ஹேண்ட் பிரேக் பெரும்பாலும் பின்சக்கரத்தைத்தான் பிடிக்கும், அது அந்தரத்தில் இருந்தால் பயனில்லை. சக்கரம் வைத்த சாதாரண டிராலி ஜாக்கியின் தலை இறக்கிய நிலையிலும் 130 மி.மீ. அளவு உயரம் இருக்கும், தாழ்வான காருக்கு அடியில் நுழையாது. 80 மி.மீ. அளவுக்கு இறங்கும் தாழ்ஜாக்கி தேவை. அதுவும் போதாவிட்டால் முன்சக்கரங்களை முதலில் இரண்டு அகலப் பலகைகள் மேல் ஏற்றி நிறுத்திக்கொள்ளவும்."

இந்தப் பலகை விஷயத்தை மூலத்துல ஒரே வரியில விட்டிருக்காங்க, நான் கூட ரெண்டு வரி சேக்கலாம்னு நினைக்கிறேன். தாழ்ஜாக்கி விளிம்புக்கு அடியில போயிடும், ஆனா பக்கவாட்டு ஏந்திடத்துல ஜாக்கியைக் கொடுத்துட்டா தாங்குகாலுக்கு இடம் எங்க? ரெண்டுக்கும் வேணுங்கிறது அதே நாலு விரல் இடம். அதனாலதான் நடுவுல இருக்கிற குறுக்குச் சட்டத்துல, அந்தக் காரோட கையேடு அனுமதிச்சா மட்டும், ஜாக்கியைக் கொடுத்துத் தூக்கி, ரெண்டு பக்கத்து ஏந்திடத்துலயும் தாங்குகால் வைக்கிறது. அந்தச் சட்டம் பம்பருக்கு ரொம்ப உள்ள தள்ளி இருக்கும், ஜாக்கி அவ்ளோ தூரம் போனா கைப்பிடியை ஆட்ட பம்பர் விடாது. அந்த சிக்கலுக்குத்தான் பலகை. ஆயில் சட்டி, பிளாஸ்டிக் தட்டு, மின்சார காரா இருந்தா பேட்டரிப் பெட்டி, இது மேலெல்லாம் ஜாக்கி படவே கூடாது.

தொடர்ச்சி:

"ஜாக்கியின் தலை நேராக மேலே போவதில்லை, வில் போல வளைந்து ஏறும். அதனால் தூக்கும்போது ஜாக்கி தரையில் கொஞ்சம் உருண்டு நகர வேண்டும். அதன் சக்கரத்துக்கு முன்னால் கல், விரிசல், கம்பி எதுவும் இல்லை என்று பார்த்துக்கொள்ளவும். நகர முடியாவிட்டால் தலை ஏந்திடத்திலிருந்து வழுக்கும். வேண்டிய உயரம் வந்ததும் உடனே தாங்குகால்களை வைத்து, இரண்டையும் ஒரே உயரத்தில் பூட்டி, ஜாக்கியை மெதுவாக இறக்கி, முழுப் பாரமும் தாங்குகால் மேல் வந்ததா என்று பார்க்கவும். பிறகு காரைக் கையால் நன்றாகத் தள்ளி ஆட்டிப் பார்க்கவும். ஆடினால் மறுபடி தூக்கி சரிசெய்யவும். தாங்குகால் இல்லாமல் காருக்கு அடியில் தலையையோ கையையோ நுழைக்கக் கூடாது. செங்கல், ஹாலோ பிளாக் எதுவும் தாங்குகால் ஆகாது, அவை முன்னறிவிப்பு இல்லாமல் நொறுங்கும்."

கழட்டின சக்கரத்தைப் படுக்கப்போட்டு ஒட்டுவிளிம்புக்கு அடியில தள்ளி வைக்கிற பழக்கத்தையும் சேக்கணும், எல்லாம் கைவிட்டாலும் உடம்புக்கு ஒரு இடைவெளி மிஞ்சும்.

> பேச்சு வழக்கில் எல்லோரும் ஸ்டாண்டு என்றே சொல்கிறார்கள், புதுச் சொல் எதற்கு?

ஸ்டாண்டுன்னு தெளிவா சொன்னா எனக்கும் சண்டை இல்ல. ஆனா ஸ்டாண்டுன்னா நிக்க வைக்கிற எல்லாமே ஸ்டாண்டு, பைக்குக்கும் ஸ்டாண்டு, செல்போனுக்கும் ஸ்டாண்டு, அதனால வாய் தானா "ஜாக்கி ஸ்டாண்டு"ன்னு நீட்டி, அப்புறம் சோம்பல்ல பின்பாதியை வெட்டி "ஜாக்கி"ல வந்து நிக்குது. எங்க வீட்டுல நடந்தது அதுதான். வெட்டினாலும் ஜாக்கின்னு ஆகாத ஒரு சொல் வேணும். தாங்குகாலை வெட்டினா "கால்"னு வரும், "கால் வச்சாச்சா?"ன்னு கேட்டாலும் அர்த்தம் கெடல. இப்ப நானும் அண்ணனும் அப்படித்தான் கேட்டுக்கிறோம்.

ஒண்ணு மட்டும் எனக்கு அமையல. ஜாக்கியோட தலையில வட்டமா, ஓரத்துல பல்லு பல்லா இருக்கே, அந்தக் கிண்ணம், ஆங்கிலத்துல சேணம்னு அர்த்தம் வர்ற சொல்லால சொல்றாங்க. சேணம்னே வச்சா குதிரை வந்து நிக்குது, கிண்ணம்னா சமையல்கட்டு வந்து நிக்குது. ஏந்திடத்துல போய் உக்கார்றதால "ஏந்துதலை"ன்னு ஒண்ணு யோசிச்சேன், படிக்கிறப்போ தடுக்குது. ஜாக்கி தலை மேல வைக்கிற ரப்பர் கட்டையில ஒட்டுவிளிம்பு இறங்குறதுக்கு ஒரு காடி, அதாவது நீளப் பள்ளம், வெட்டியிருப்பாங்களே, அதுக்குக் "காடிக்கட்டை" நல்லா வந்துடுச்சு, இதுக்குத்தான் சிக்கல். யாருக்காவது தோணினா எழுதுங்க, ஞாயித்துக்கிழமைக்குள்ள வந்தா கோப்புல சேத்துடறேன்.

அன்புடன்