வேலையை விடத் தயார், காப்பீடுதான் இடிக்கிறது

வயது 43. ஓஎம்ஆரில் ஐடி வேலை, ஒரே கம்பெனியில் 14 வருடம். அமெரிக்க கிளையண்ட் என்பதால் ராத்திரி 11 மணிக்கும் கால் இருக்கும். போன வருடம் பிபி வந்தது, மாத்திரை ஓடுகிறது.

வாரம் 4 நாள் வேலை கேட்டேன், மறுத்துவிட்டார்கள். டீம் மாறினேன், கிளையண்ட்தான் மாறினார், நேரம் மாறவில்லை. ஒரு மாதம் சம்பளமில்லா விடுப்பு எடுத்தேன், அதிலும் போன் ஓயவில்லை. சரி, ராஜினாமா செய்துவிட்டுப் பகுதிநேர கன்சல்டிங் என்று முடிவெடுத்துவிட்டேன். நோட்டீஸ் 90 நாள். வீட்டுக்கடன் முடிந்தது, கிராஜுவிட்டி வரும்.

கம்பெனி மருத்துவக் காப்பீடு கடைசி நாளோடு போய்விடும். புதிதாக விசாரித்த இரண்டு இடத்திலும் பிபிக்கு 3 வருடக் காத்திருப்பு, அதுவரை பிபி சார்ந்த சிகிச்சைக்குப் பணம் கிடைக்காது என்கிறார்கள். கம்பெனி எடுத்துத் தரும் குரூப் பாலிசியிலிருந்து அதே காப்பீட்டாளரின் தனி பாலிசிக்கு, பிபியோடு மாறியவர்கள் நோட்டீஸ் காலத்தில் எப்போது விண்ணப்பித்தீர்கள்?