பேலியோவில் இருந்துகொண்டு முழு மாரத்தான்: சோறு எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு?

கோவை_காலை_ஓட்டம்:
நண்பர்களே, எடை 65 கிலோ. அப்பாவுக்குச் சர்க்கரை, எனக்கும் வந்துவிடுமோ என்ற பயத்தில்தான் சோற்றைக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டும் பேலியோ உணவுக்கு வந்தேன். முட்டை, பன்னீர், பாதாம், நெய் என்று போகிறது. காலையில் மெதுவாகப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓடும்போது பசியே தெரிவதில்லை, ஆனால் ஞாயிற்றுக்கிழமை வேகத்தைக் கூட்டினால் கால் நகர மாட்டேன் என்கிறது. ஜனவரியில் சென்னையில் முழு மாரத்தான் ஓட ஆசை. குழுவில் ஒருவர் கொழுப்பே போதும், பழகிவிடும் என்கிறார்; இன்னொருவர் மூன்று வேளையும் சோறு சாப்பிடச் சொல்கிறார். எதைக் கேட்பது?

நெடுந்தூரம்:
கணக்குப் போட்டுப் பாருங்கள் தம்பி. ஒரு கிலோ எடைக்கு, ஒரு கிலோமீட்டருக்கு, ஏறக்குறைய ஒரு கலோரி. உங்கள் எடைக்கு 42 கிலோமீட்டர் ஓட 2,700 கலோரி வேண்டும். தசையிலும் ஈரலிலும் சேர்த்து வைக்க முடிகிற கிளைக்கோஜன் என்ற சேமிப்புச் சர்க்கரை 500 கிராம் சுற்றித்தான், அதாவது 2,000 கலோரி. 30 கிலோமீட்டர் தாண்டியதும் பலர் உட்கார்ந்துவிடுவது இதனால்தான். கொழுப்போ ஒல்லியானவர் உடம்பிலும் 50,000 கலோரிக்குக் குறையாது. இருப்பு பிரச்சினையே இல்லை, மூச்சுதான் பிரச்சினை. ஒரு லிட்டர் ஆக்சிஜனுக்குக் கார்ப் (மாவுச்சத்தும் சர்க்கரையும்) 5 கலோரி தரும், கொழுப்பு 4.7தான் தரும். மெதுவாக ஓடும்போது இது தெரியாது, மூச்சு முட்டும் வேகத்தில் நன்றாகவே தெரியும். உங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கதை இதுதான்.

ஆஸ்திரேலியாவில் லூயிஸ் பர்க் குழு உலகத் தரமான வேகநடை வீரர்களை வைத்துச் செய்து 2017இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல சான்று. மூன்று வாரம் கொழுப்பு உணவில் இருந்தவர்கள் கொழுப்பை அபாரமாக எரித்தார்கள், ஆனால் அதே வேகத்துக்கு அதிக ஆக்சிஜன் தேவைப்பட்டது. கார்ப் சாப்பிட்டவர்கள் 10 கிலோமீட்டர் போட்டியில் நேரத்தைக் குறைத்தார்கள், கொழுப்பு உணவுக்காரர்களால் முடியவில்லை.

மலைப்பாதை:
அண்ணா சொல்வது மாரத்தானுக்குச் சரி, ஆனால் கொழுப்பை ஒரேயடியாகத் தள்ளிவிட வேண்டாம். 2016இல் ஜெஃப் வோலெக் குழு பார்த்த அல்ட்ரா (மாரத்தானைவிட நீண்ட தூர) ஓட்டக்காரர்களில், நெடுநாள் கொழுப்பு உணவில் இருந்தவர்கள் நிமிடத்துக்கு 1.5 கிராம் கொழுப்பு எரித்தார்கள், மற்றவர்களைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். 100 கிலோமீட்டர் நிதானமாக ஓடுகிறவருக்கு, இனிப்பு ஜெல்லைப் பார்த்தாலே குமட்டுகிறவருக்கு, இது பெரிய விஷயம். நாலு மணி நேரத்துக்குள் மாரத்தான் முடிக்க வேண்டுமென்றால் கார்ப் வேண்டும்.

கோவை_காலை_ஓட்டம்:
புரிகிறது. ஆனால் சோற்றைத் தொட்டால் சர்க்கரை ஏறாதா?

உணவியல்_படித்தவள்:
ஓடும்போது தசை இன்சுலினை அதிகம் எதிர்பார்க்காமலே ரத்தத்திலிருந்து குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும். நீண்ட ஓட்டம் முடிந்ததும் சாப்பிடும் சோற்றில் பெரும்பகுதி காலியான கிளைக்கோஜனை நிரப்பத்தான் போகும். அதனால் சோறு எந்த நாளில், எந்த நேரத்தில் என்பதைத்தான் முதலில் பாருங்கள். ஓய்வு நாளிலும் மெதுவான ஓட்ட நாளிலும் உங்கள் முட்டை, காய், மீன் அப்படியே இருக்கட்டும். வேக ஓட்டத்துக்கும் நீண்ட ஓட்டத்துக்கும் முந்தின இரவு நாலைந்து இட்லி, முடிந்ததும் சோறு என்று தொடங்கி, பயிற்சி கூடக் கூட ஒரு கிலோ எடைக்கு 5 முதல் 7 கிராம் கார்ப் வரை கொண்டுபோகலாம். வேகாத அரிசி 100 கிராமில் ஏறக்குறைய 78 கிராம் இருக்கிறது.

போட்டிக்கு முந்தின இரண்டு நாள் கார்பைக் கூட்டும்போது நெய்யையும் தேங்காயையும் கட்டாயம் குறையுங்கள். பலர் முந்தின இரவு பிரியாணி சாப்பிட்டு அதையே கார்ப் ஏற்றுவது என்று நினைக்கிறார்கள், அதில் எண்ணெய் அதிகம், காலையில் வயிறுதான் கனக்கும். ஒரு கிராம் கிளைக்கோஜனோடு மூன்று கிராம் தண்ணீர் சேர்வதால் எடை ஒன்றரை கிலோ ஏறினாலும் பயப்பட வேண்டாம். ஓட்டத்தின்போது முதல் அரை மணியிலேயே ஆரம்பித்து மணிக்கு 30 முதல் 60 கிராம் கார்ப் எடுங்கள். வாழைப்பழம், பேரீச்சை, உப்பு போட்ட கருப்பட்டித் தண்ணீர் எல்லாமே சரி. கடலை மிட்டாய் மட்டும் வேண்டாம், கொழுப்பு அதிகம், வயிற்றில் தங்கிவிடும். எதையும் போட்டியன்று புதிதாக முயலாதீர்கள், இந்த ஞாயிறே பழகுங்கள்.

அதற்கு முன் எச்பிஏ1சி (இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்த்துவிடுங்கள். ஏற்கெனவே மாத்திரை எடுப்பவராக இருந்தால், மருத்துவரிடம் கேட்காமல் நான் சொன்ன அளவு எதையும் தொடாதீர்கள்.