மறு: ‘ஸ்டடி’ என்பதற்கு ஒரே தமிழ்ச்சொல் இயலுமா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

‘ஸ்டடி’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு நேராக நம் குழு தொகுக்கும் கலைச்சொற்பட்டியலில் எதை இடுவது என்ற கேள்விக்கு இதுவரை ‘படிப்பு’, ‘ஆய்வு’, ‘கற்கை’ என்று மூன்று பரிந்துரைகள் வந்துள்ளன. மூன்றும் வழக்கில் நன்றாக ஊன்றிய சொற்களே. ஆனாலும், எந்த ஒன்றையும் தனியே அந்த இடத்தில் உட்கார வைக்கக் கூடாது என்பதும், அந்தப் பதிவையே பொருள்வாரியாகப் பிரித்துவிட வேண்டும் என்பதும் என் கருத்து. அப்படிப் பிரிக்கும்போது ‘ஆய்வு’ என்ற நம் சொல்லின் மீது ஏறியுள்ள பளுவையும் சேர்த்து இறக்கியாக வேண்டும். அதைச் செய்யாமல் ஆங்கிலச் சொல்லை மட்டும் பிரிப்பதால் பெரிய பயன் விளையாது.

கற்றல் என்ற முதற்பொருளில் நமக்குச் சிக்கல் ஏதுமில்லை. ‘மேற்படிப்பு’, ‘கல்விச் சுற்றுலா’, ‘படிப்பறை’ ஆகியவற்றை யாரும் மாற்றக் கேட்கவில்லை. தமிழ்நாட்டு வேலைவாய்ப்பு அலுவலகங்களில் போட்டித் தேர்வுக்கு ஆயத்தமாவோருக்கென்று நடக்கும் ‘தன்னார்வப் பயிலும் வட்டம்’ என்ற பெயர், அரசு அலுவலகம் ஒன்று சூட்டிய பெயர்களிலேயே எனக்கு மிகவும் பிடித்தமானது. ‘ஸ்டடி சர்க்கிள்’ என்பதை இதைவிடச் சரியாகச் சொல்ல முடியாது. ‘பயில்’ என்ற வேரில் திரும்பத் திரும்பச் செய்து பழகுதல் என்ற பொருள் உண்டு. அதனால்தான் 783ஆம் குறளில் நூலுக்கு ‘நவில்தொறும்’ என்றும், பண்புடையாளர் தொடர்புக்குப் ‘பயில்தொறும்’ என்றும் வந்துள்ளது. பழகப் பழக வருகிற கல்வியைக் குறிக்கும் இடங்களுக்கு இந்த வேரை ஒதுக்கி வைத்துக்கொள்வோம். ஓவியத்துக்குப் பின்னர் இது தேவைப்படும்.

அறிவுத்துறைகளின் பெயரில் பன்மையாக வரும் ‘ஸ்டடீஸ்’ சற்றுத் தொல்லையானது. தரமணியிலுள்ள உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்தின் ஆங்கிலப் பெயரில் இருப்பது ‘ஸ்டடீஸ்’. அடையாற்றிலுள்ள சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆங்கிலப் பெயரிலும் அதுவே. இரண்டிலும் ‘ஆராய்ச்சி’ என்று பெயர்த்திருக்கிறார்கள். அங்கே நடப்பது ஆராய்ச்சிதான் என்பதால் அது பொருந்துகிறது. பல்கலைக்கழகத் துறையாகும்போது ‘மகளிரியல்’ என்று ‘இயல்’ ஈறு வருகிறது. தொடக்கப் பள்ளிப் பாடநூலில் ‘சூழ்நிலையியல்’ என்றாகிறது. ‘இயல்’ ஈறு உயிரியல், வேதியியல் போன்ற துறைகளுக்கும் ஊன்றிவிட்டதால், அத்தகைய தனித் துறைக்கும் ‘ஸ்டடீஸ்’ என்னும் பலதுறைப் புலத்துக்கும் உள்ள வேறுபாட்டைத் தமிழில் காட்ட வழியில்லாமல் போகிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ‘ஊடகக் கற்கைகள்’ என்று ஒரு துறைக்குப் பெயர் வைத்திருப்பதை, இக்குழுவின் இலங்கை நண்பர்கள் பலமுறை சுட்டிக்காட்டியுள்ளனர். பல துறைகளிலிருந்து கருவிகளை எடுத்துக்கொண்டு ஒரே பொருளை நோக்கும் புலங்களுக்குக் ‘கற்கைகள்’ என்பதே தெளிவான பெயர் என்று நினைக்கிறேன். தமிழ்நாட்டு வாசகருக்கு அது முதலில் ஒட்டாதது போல் தோன்றலாம். இருந்தாலும் ‘கற்கைநெறி’ என்ற சொல்லைக் கேட்டவுடன் எவருக்கும் பொருள் விளங்கிவிடுகிறது.

இனி ‘ஆய்வு’ குறித்து. தொல்காப்பிய உரியியலில் ஓய்தல், ஆய்தல், நிழத்தல், சாஅய் என்னும் நான்கும் ‘உள்ளதன் நுணுக்கம்’ என்று வருகிறது. உள்ள ஒன்றை நுணுக்கமாக்குவதே ஆய்தல். கீரை ஆய்கிறபோது நாம் செய்வதும் அதுதான்: பழுப்பிலையையும் முற்றிய தண்டையும் விலக்கி, வேண்டியதைப் பொறுக்கி எடுக்கிறோம். இத்தனை கூர்மையான வினையிலிருந்து பிறந்த பெயர், இன்று செய்தித்தாளில் எதற்கெல்லாம் வருகிறது என்று பாருங்கள். மாவட்ட ஆட்சியர் மருத்துவமனையைப் பார்வையிட்டால் ஆய்வு. மாணவி முனைவர் பட்டத்துக்குச் செய்வது ஆய்வு. குடும்ப அட்டைக்காக வீட்டுக்கு வந்து சரிபார்ப்பது கள ஆய்வு. துறையின் முன்னேற்றம் பற்றி அமைச்சர் அதிகாரிகளுடன் பேசினால் ஆய்வுக் கூட்டம். காவல் நிலையத்தில் இருப்பவரும் ஆய்வாளர், நூலகத்தில் இருப்பவரும் ஆய்வாளர்.

இது வெறும் அழகியல் குறை என்று நண்பர் ஒருவர் எழுதியிருந்தார். நான் அப்படி எண்ணவில்லை. மக்கள்நல ஆராய்ச்சி ஒன்றுக்கான துண்டறிக்கையில் ‘சுகாதார ஆய்வாளர் உங்கள் வீட்டுக்கு வந்து சில கேள்விகள் கேட்பார்’ என்று அச்சிட்டால், தமிழ்நாட்டில் அதைப் படிப்பவர் என்ன நினைப்பார்? தண்ணீர்த் தொட்டியில் கொசுப்புழு இருக்கிறதா என்று பார்க்க வரும் உள்ளாட்சி அலுவலரையே நினைப்பார். ஏனெனில் அவருடைய பதவிப் பெயரே அதுதான். கதவைத் திறக்காமலிருப்பதற்கும், அபராதத்துக்கு அஞ்சி எல்லாக் கேள்விக்கும் ‘ஆமாம்’ என்று சொல்லிவிடுவதற்கும் அந்த ஒரு சொல் போதும். இலங்கையில் அந்தப் பதவிக்குப் ‘பொதுச் சுகாதாரப் பரிசோதகர்’ என்று பெயர், காவல்துறையிலும் ‘பரிசோதகர்’தான். அங்கே ஆய்வாளருக்கு இடைஞ்சல் இல்லை, ஆனால் ‘பரிசோதனை’ என்ற சொல் மாட்டிக்கொள்கிறது.

அரசுப் பதவிப் பெயர்களை நாம் மாற்ற முடியாது. நம் பட்டியலில் மட்டும், அலுவல்முறையாகச் சென்று பார்ப்பதற்குப் ‘பார்வையிடல்’ அல்லது ‘தணிக்கை’ என்றும், கூறுபடுத்தி நோக்குவதற்குப் ‘பகுப்பாய்வு’ என்றும், மறுபடி எடுத்துப் பார்ப்பதற்கு ‘மீள்நோக்கு’ என்றும் வைத்துக்கொண்டு, ‘ஆய்வு’ என்பதை ஒரு கேள்விக்கு விடைகாணத் திட்டமிட்டுச் செய்யும் முயற்சிக்கு மட்டும் விட்டுவைப்போம். அதைச் செய்பவரை, பொதுமக்களுக்கான எழுத்தில் ‘ஆராய்ச்சியாளர்’ என்றே எழுதலாம்; நீளம் கூடினாலும் குழப்பமில்லை.

மருத்துவத்துக்கு வருகிறேன், இந்த விவாதத்தைத் தொடங்கியவரின் கேள்வியும் அங்கிருந்துதான் எழுந்தது. அங்கே ஒரே ஆங்கிலச் சொல் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று வேலைகளைச் செய்கிறது.

முதலாவது, நோயாளி மீது செய்யப்படும் பரிசோதனை. உறக்கத்தில் மூச்சுத் தடைபடுகிறதா என்று இரவு முழுதும் பதிவுசெய்து பார்ப்பதையும், நரம்பில் மின்துடிப்புப் பாயும் வேகத்தை அளப்பதையும் ஆங்கிலத்தில் ‘ஸ்டடி’ என்கிறார்கள். இவற்றைத் ‘தூக்க ஆய்வு’, ‘நரம்பு ஆய்வு’ என்று பெயர்ப்பது பிழை. இவை பரிசோதனைகள், தூக்கப் பரிசோதனை, நரம்புக் கடத்தல் பரிசோதனை என்று சொன்னால் வேலை முடிந்தது.

இரண்டாவது, ஸ்கேன் படங்களைச் சேமிக்கும் மென்பொருள். மருத்துவப் படங்களுக்கான டைகாம் தரநிலை, தரவை நான்கு அடுக்குகளாக வைக்கிறது: நோயாளி, அவருக்குக் கீழே ஸ்டடி, அதற்குக் கீழே சீரிஸ், அதற்குக் கீழே தனித்தனிப் படம். ஒருவர் ஒரு முறை வந்து மூளைக்கு எம்ஆர்ஐ எடுத்துக்கொண்டால், அந்த வருகையில் எடுத்தது முழுவதும் ஒரு ‘ஸ்டடி’. நிறமருந்து ஏற்றும் முன் எடுத்தவை, ஏற்றிய பின் எடுத்தவை எனத் தனித்தனி ‘சீரிஸ்’. இந்த மென்பொருளின் திரையை மொழிபெயர்த்தவர்கள் ‘ஆய்வுத் தேதி’, ‘ஆய்வு விவரம்’ என்று எழுதினால், மருத்துவமனையில் நுழைவுப் பதிவு செய்யும் ஊழியர், நோயாளி ஏதோ ஆராய்ச்சியில் சேர்ந்திருக்கிறார் என்று எண்ண இடமுண்டு. இங்கே ‘படமெடுப்பு’ என்பதைப் பரிந்துரைக்கிறேன்: படமெடுப்புத் தேதி, படமெடுப்பு எண், ஒரு படமெடுப்புக்குள் பல வரிசைகள், ஒரு வரிசைக்குள் பல படங்கள். ‘படத்தொகுப்பு’ என்ற மாற்றுப் பரிந்துரை திரைப்பட வெட்டியொட்டும் வேலைக்குப் போய்விட்டதால் அதைத் தவிர்க்கலாம்.

மூன்றாவது, ஆராய்ச்சி. இதில்தான் நுணுக்கம் அதிகம் தேவை. பிரித்தானிய ஆராய்ச்சியாளர்களான ரிச்சர்ட் டால், பிராட்ஃபோர்டு ஹில் ஆகிய இருவரும் 1950-இல் வெளியிட்ட ஆய்வில், இலண்டன் மருத்துவமனைகளிலிருந்த நுரையீரல் புற்றுநோயாளிகளையும், அந்நோய் இல்லாத பிறரையும் எடுத்துக்கொண்டு, இருசாராரிடமும் முன்பு புகைத்தது பற்றிக் கேட்டார்கள். 1951-இல் அதே இருவரும் பிரித்தானிய மருத்துவர்களுக்குக் கேள்வித்தாள் அனுப்பி, அவர்களில் யார் புகைக்கிறார்கள் என்று குறித்துக்கொண்டு, பின்னர் யார் யாருக்கு என்ன ஆகிறது என்று கவனித்து வந்தார்கள். அந்தக் கவனிப்பு 2001 வரை, ஐம்பது ஆண்டுகள் நீண்டது. அமெரிக்காவின் ஃபிராமிங்காமில் 1948-இல் 5,209 பேரைக் கொண்டு தொடங்கிய இதயநோய் ஆய்வும் இந்த இரண்டாம் வகையே. ஒன்று விளைவிலிருந்து காரணத்தை நோக்கிப் பின்னே போகிறது. மற்றொன்று காரணத்திலிருந்து விளைவை நோக்கி முன்னே வருகிறது. தமிழில் இரண்டையும் ‘ஆய்வு’ என்று மட்டும் எழுதிவிட்டால், படிப்பவருக்கு எதை எவ்வளவு நம்பலாம் என்பது தெரியாமல் போகும்.

எனவே ஆங்கிலத்தில் ‘கேஸ்–கண்ட்ரோல் ஸ்டடி’ எனப்படும் முன்னதற்கு ‘நோயர்–ஒப்பர் ஆய்வு’ என்றும், ‘கோஹார்ட் ஸ்டடி’ எனப்படும் பின்னதற்குத் ‘தொடர்குழு ஆய்வு’ என்றும் பரிந்துரைக்கிறேன். ‘கோஹார்ட்’ என்பது உரோமானியப் படைப்பிரிவு என்பதால் ‘படையணி ஆய்வு’ என்று ஒரு பரிந்துரை வந்திருந்தது. ஆங்கிலச் சொல்லின் வரலாற்றைத் தமிழ் வாசகர் சுமக்க வேண்டிய கட்டாயம் என்ன என்று எனக்குப் புரியவில்லை. குறிப்பிட்ட ஒரு காலப்புள்ளியில் மட்டும் எடுப்பதைக் ‘குறுக்குவெட்டு ஆய்வு’ என்று பாடநூல்களில் எழுதுகிறார்கள். ‘ஒருகால ஆய்வு’ என்றால் விளக்கமே வேண்டாம். இம்மூன்றுக்கும் பொதுப்பெயராக, ஆராய்ச்சியாளர் எதையும் மாற்றாமல் நோக்க மட்டும் செய்கிறார் என்பதால், ‘நோக்காய்வு’ என்பதை வைக்கலாம்.

இவற்றுக்கு எதிரே நிற்பது, யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதை ஆராய்ச்சியாளரே ஒதுக்கிக் கொடுக்கும் வகை. இதற்குச் சென்னையே ஒரு பெரிய எடுத்துக்காட்டு. 1956-இல் சென்னையில் அமைந்த காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், நோயாளிகளைச் சமவாய்ப்பு முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு சாராருக்கு வீட்டிலும் மறு சாராருக்குக் காசநோய் விடுதியிலும் ஓராண்டு ஒரே மருந்துகளைக் கொடுத்தது. நெரிசலான வீட்டில் இருந்துகொண்டே மருந்து உட்கொண்டவர்களும் ஏறத்தாழ விடுதியில் இருந்தவர்கள் அளவுக்கே குணமடைந்தனர் என்று 1959-இல் வெளிவந்த முடிவு, உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சையை விடுதியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவர உதவியது. ஆங்கிலத்தில் இதற்கும் ‘மெட்ராஸ் ஸ்டடி’ என்றே பெயர். ஆங்கிலம் இங்கே தளர்வாக இருக்கிறது என்பதற்காக நாமும் தளர்வாக இருக்க வேண்டியதில்லை; இதைச் ‘சிகிச்சைச் சோதனை’ என்று தனியே பெயரிட வேண்டும்.

‘சோதனை’ என்றால் மக்கள் மிரள்வார்கள், வருமான வரித்துறை நினைவுக்கு வரும், ஒப்புதல் படிவத்தில் யாரும் கையெழுத்திட மாட்டார்கள் என்று குழுவிலுள்ள மருத்துவர் ஐயா எழுதியுள்ளார். அவருடைய பட்டறிவை மதிக்கிறேன். ஆனால் ஒப்புதல் படிவத்தின் நோக்கமே, தனக்கு எந்த மருந்து வரும் என்பதைத் தன் மருத்துவர் தேர்ந்தெடுக்கப் போவதில்லை, அது குலுக்கலில் விழும் என்று நோயாளிக்கு உணர்த்துவதுதான். ‘ஆய்வில் பங்கேற்கிறேன்’ என்று படிப்பவர், தன்னைக் கூடுதல் அக்கறையுடன் கவனிக்கப் போகிறார்கள் என்றே பெரும்பாலும் பொருள்கொள்வார். சற்று மிரட்சி இருந்தாலும் உண்மையைச் சொல்லும் சொல்லே அங்கு வேண்டும். அதே காரணத்தால், இரத்தம், சிறுநீர் போன்றவற்றுக்குப் ‘பரிசோதனை’ என்பதையும் இதற்குச் ‘சோதனை’ என்பதையும் ஒன்றோடொன்று கலக்காமல் காக்க வேண்டும்.

எஞ்சியவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு தனிமனிதரை ஆழ்ந்து நோக்கும் ‘கேஸ் ஸ்டடி’யை நம் கல்வியியல் நூல்கள் ‘தனியாள் ஆய்வு’ என்கின்றன. நோக்கப்படுவது ஒரு கிராமமோ ஆலையோ ஆனால் அது பொருந்தாது, ‘நேர்வாய்வு’ இரண்டுக்கும் பொருந்தும். இசையில் விரல் பழக எழுதப்படுவதற்குப் ‘பயிற்சியிசை’ போதும்.

ஓவியத்தில் மட்டும் சற்று நிற்க வேண்டும். ஆங்கிலேய ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் 1821, 1822 ஆண்டுகளில் இலண்டனை அடுத்த ஹாம்ப்ஸ்டெட்டில் வானத்தை மட்டும் பார்த்துப் பல எண்ணெய் ஓவியங்கள் தீட்டினார். பலவற்றின் பின்புறத்தில் நாள், நேரம், காற்றின் திசை ஆகியவற்றையும் குறித்து வைத்தார். இவற்றை ‘மேக ஆய்வுகள்’ என்று அருங்காட்சியகக் கையேட்டில் பெயர்த்தால் வானிலைத் துறையின் அறிக்கை போலிருக்கும். பின்புறக் குறிப்புகளைப் பார்த்தால் அதிலும் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது. ஆயினும், பெரிய ஓவியத்துக்கு முன் கையும் கண்ணும் பழகுவதற்காகத் தீட்டியவை என்ற பொருள் முதன்மையாக வர வேண்டும். மேலே ஒதுக்கி வைத்த வேரிலிருந்து ‘பயிலோவியம்’ என்பதை முன்வைக்கிறேன்: மேகப் பயிலோவியங்கள், கைப் பயிலோவியம், துணிமடிப்புப் பயிலோவியம். கரிக்கோலால் வரைந்தது மட்டுமாயின் ‘பயில்வரைவு’ எனலாம்.

‘நோயர்–ஒப்பர்’ என்பதில் ‘ஒப்பர்’ மட்டும் எனக்கு முழு நிறைவைத் தரவில்லை. பேச்சில் ‘ஒப்பாரி’யை நினைவூட்டுகிறது என்று ஒருவர் தனிமடலில் சொன்னதை மறுக்கவும் முடியவில்லை. ‘இணையர்’ என்பது கணவன் மனைவிக்குப் போய்விட்டது. ‘நிகரர்’ என்ற வடிவம் சரியா என்பதை இலக்கணம் அறிந்தவர்கள் சொல்ல வேண்டும். அந்த ஒன்று தீரும்வரை, மற்றப் பதிவுகளைப் பட்டியலில் ஏற்றிவிடலாமா என்று பொறுப்பாளர்கள் தெரிவித்தால் நன்று.