ஸ்பானிஷ் பி1: இறந்தகாலம் குழப்புது, கலாசாரம் வழியாப் படிக்கலாமா?

செந்தூல்வாசி:
வணக்கம். கோலாலம்பூர் செந்தூல்ல இருக்கேன். ஸ்பானிஷ்ல ஏ2 (அடிப்படை நிலை) முடிச்சாச்சு, பி1-ல (இடைநிலை) நிக்கிறேன். சொற்கள் மனசுல நிக்குது, ஆனா ரெண்டு இறந்தகாலமும் ஒவ்வொரு தடவையும் மாறிப்போகுது. ஆசிரியை, “கலாசாரத்தோட சேர்த்துப் படி”ங்கிறாங்க. எதைப் பிடிச்சுத் தொடங்குறது?

ஜார்ஜ்டவுன்காரி:
தங்கச்சி, ஒரே ஒரு பண்டிகையை எடுத்து அதுலயே மூணு மாசம் இரு. நான் மெக்சிகோவோட ‘தீயா தே முயெர்தோஸ்’ (இறந்தவங்க நாள்) எடுத்தேன். நவம்பர் 1, 2-ல செத்தவங்க வீட்டுக்கு வந்துட்டுப் போவாங்கன்னு நம்பிக்கை. அவங்களுக்கு வைக்கிற படையல்தான் ‘ஒஃப்ரெந்தா’. படம், தண்ணீர், உப்பு, மெழுகுவத்தி, சாம்பிராணி மாதிரி கொபால் புகை, அவங்களுக்குப் பிடிச்ச சாப்பாடு. பூ ‘செம்பசூச்சில்’. லெபோ பாசார்ல நாம மாலையா வாங்குற செண்டுமல்லியேதான், அதுக்குப் பூர்வீகமே மெக்சிகோ! படிச்சப்ப எனக்குச் சிலிர்த்துப்போச்சு.

அப்பாவுக்கு ஒஃப்ரெந்தா வச்சதா நினைச்சு அஞ்சு வரி எழுதினேன். அப்பா கெடா பக்கம் தோட்டத்துல பால்மரம் வெட்டினவர். விடியுமுன்னே கோப்பி ஓ குடிச்சிட்டுத்தான் கிளம்புவார். ‘மி பாத்ரே தோமோ கஃபே’ன்னு எழுதிட்டேன். இணையத்துல பேசிப் பழகுற மெக்சிகோ தோழி, “எந்த நாள் குடிச்சார்?”னு கேட்டா. ‘தோமோ’ன்னா ஒரு தடவை குடித்தார், முடிஞ்சது. தினம் குடிப்பார்னு சொல்ல ‘தோமாபா’.

இப்ப நம்ம தமிழைக் கவனி. “அப்பா அப்பல்லாம் நாலு மணிக்கே எழும்புவார், கோப்பி குடிப்பார்.” இறந்துபோனவரைப் பத்தித்தான் பேச்சு, ஆனா வினை எதிர்காலம். அந்த ‘வார், ப்பார்’ வர்ற இடத்துல இம்பெர்ஃபெக்தோ (‘தோமாபா’ மாதிரி வழக்கமா நடந்ததைச் சொல்ற இறந்தகாலம்) போடு. ‘மழை பெஞ்சுக்கிட்டு இருந்துச்சு’ மாதிரி வந்தாலும் அதேதான். ‘இறந்தார்’னு ஒரே வீச்சுல முடிஞ்சதுக்கு இன்னொரு இறந்தகாலமான பிரெத்தேரித்தோ: ‘முரியோ’. தமிழ்லயே யோசிச்சுப் பாரு, இங்கிலீஷ் நடுவுல வேண்டாம்.

காஜாங்தம்பி:
அக்கா சொன்னதோட ‘ஓஹலா’வையும் (‘அப்படி நடக்கணுமே’ங்கிற ஆசைச் சொல்) பிடிச்சுக்குங்க. ஸ்பெயின்ல 711-ல தொடங்கி 1492 வரைக்கும் முஸ்லிம் ஆட்சி இருந்துச்சு, அப்ப வந்த அரபுச் சொல். மலாய் நண்பர்கள் சொல்ற ‘இன்ஷா அல்லா’வுக்குச் சொந்தம். பின்னாடி சுப்ஹுன்திவோ (ஆசை, சந்தேகம் சொல்ற வினைவடிவம்) கட்டாயம் வரும். ‘ஓஹலா யுவேவா’, மழை பெய்யணுமே! வெயில்ல பஸ்ஸுக்கு நிக்கிறப்பல்லாம் சொல்லிச் சொல்லித்தான் எனக்கு அது படிஞ்சது.

செந்தூல்வாசி:
ராத்திரி பாட்டி படத்துக்கு முன்னாடி உட்கார்ந்து எழுதினேன்: ‘மி அபுவேலா அசீயா தோசை லோஸ் தொமிங்கோஸ். பேரோ எசே தொமிங்கோ நோ இசோ நாதா.’ பாட்டி ஞாயித்துக்கிழமைன்னா தோசை சுடுவாங்க. அந்த ஞாயிறு ஒண்ணும் சுடல. சரியாக்கா?

ஜார்ஜ்டவுன்காரி:
ரெண்டும் சரிம்மா. ‘அசீயா’வுல ‘சீ’யை அழுத்திச் சொல்லு. அடுத்து, பாட்டிக்கு என்ன பிடிக்கும்னு ‘லே குஸ்தாபா’ (அவங்களுக்குப் பிடிக்கும்) வச்சு எழுது. ‘பாட்டிக்கு’ங்கிற ‘க்கு’தான் அந்த ‘லே’.