குரல் எதிரொலிக்கும் இசை நாடகம்: ஒலி தெரிந்தவர்கள் உதவ வேண்டும்

வணக்கம் நண்பர்களே. நாங்கள் ஒரு சிறிய நாடகக் குழு. மனச்சோர்வைப் பற்றி 40 நிமிட இசை நாடகம் தயார் செய்கிறோம். மேடையில் ஒரே நடிகை. அவர் பாடுவதைக் கணினி பதிவு செய்து, சில நொடி கழித்து, சுருதியைக் கொஞ்சம் இறக்கித் திருப்பிப் பாடும். கடைசியில் அவர் நிறுத்திய பிறகும் அந்தக் குரல்கள் நிற்காது.

இதற்கு விதை ஜப்பானியர் கெய்ச்சிரோ ஷிபுயாவின் 'தி எண்ட்' ஓபரா. 2012இல் யமகுச்சியில் அரங்கேறி, 2013இல் பாரிஸ் ஷாத்லே அரங்குக்கும் போனது. மனிதப் பாடகர் யாரும் கிடையாது. ஹட்சுனே மிக்கு என்ற வோகலாய்டு (பாடும் மென்பொருள்) குரல்தான் சாவைப் பற்றிக் கேட்டுப் பாடுகிறது. மூச்சே வாங்காத குரல் அப்படிக் கேட்கும்போது வரும் கனம், முகாரியில் வயலினை இழுத்தால் வராது என்பது என் கட்சி. (சண்டைக்கு வருபவர்கள் வரலாம்!)

சரி, சிக்கலுக்கு வருகிறேன். ப்யூர் டேட்டா என்ற ஒலி நிரலாக்க மென்பொருளில் செய்கிறோம். 48 கிலோஹெர்ட்ஸில் பஃபர் (கணினி ஒரு தடவைக்கு எடுத்துக்கொள்ளும் ஒலித் துண்டு) 256 மாதிரி வைத்தால் தாமதம் ஒலி உள்ளே வர, வெளியே போக என ஒவ்வொன்றுக்கும் 5 மில்லிநொடி அளவுதான், ஆனால் எங்கள் பழைய மடிக்கணினியில் ஒலி வெட்டி வெட்டி வருகிறது. 1024க்கு ஏற்றினால் அது சரியாகிறது, நடிகைக்கோ தன் குரல் பிந்திக் கேட்கிறது. அப்புறம், முணுமுணுப்பு கேட்க வேண்டுமென்று மைக்கைக் கூட்டினால் ஸ்பீக்கர் ஊளையிடுகிறது.

நேரடிக் குரலை மிக்சரிலேயே பிரித்து, எதிரொலியை மட்டும் கணினியிடம் விட்டால் போதுமா? காலர் மைக்கைவிட ஹெட்செட் மைக் நல்லதா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். சென்னையில் இருப்பவர் யாராவது ஒத்திகைக்கு வந்து காது கொடுத்தால் டீயும் பஜ்ஜியும் எங்கள் பொறுப்பு.