பெட்ரோல் யார் போட்டது?

செக்காலைக்காரன்:
பள்ளத்தூரான் நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து தூக்கம் வரவில்லை. சைகோன் தண்டாயுதபாணி கோவில் வாசலில் ஒரு வியட்நாம் பையன் பழக்கமானானாம். நாலு நாள் பைக்கில் வைத்து ஊரெல்லாம் காட்டினானாம். "ஒரு காசு வாங்கவில்லை, அவன்தான் நண்பன்" என்று கண்ணீர் மல்க முடித்திருக்கிறார். ஒரே கேள்வி. பெட்ரோல் யார் போட்டது?

பள்ளத்தூரான்:
வாங்க, இன்னும் காணோமே என்று பார்த்தேன். நம் செட்டிநாட்டு நகரத்தார் கட்டிய கோவில் அது. இப்போது அந்த ஊர்க்காரர்களும் ஊதுபத்தி ஏற்றிக் கும்பிடுகிறார்கள். வெளியே வந்தால் என் செருப்பைக் காணோம். இவன் பைக் சீட்டைத் தூக்கி ஒரு ரப்பர் செருப்பை எடுத்துக் கொடுத்தான். அப்படித்தான் பழக்கம். பாஷை கிடையாது, போனில் பேசி மொழிபெயர்த்துக் காட்டுவான். காலையில் நடைபாதையில் குட்டி பிளாஸ்டிக் முக்காலி. டம்ளரில் கெட்டிப்பால், மேலே தகர வடிகட்டி, டிகாஷன் சொட்டுச் சொட்டாக இறங்கும். அது இறங்கி முடிகிறவரை இரண்டு பேரும் பேசாமல் உட்கார்ந்திருப்போம். மூன்றாம் நாள் மீகாங் ஆறு பார்க்க மீத்தோ வரை போனோம், 70 கிலோமீட்டர்.

செக்காலைக்காரன்:
போக 70, வர 70. பைக் தண்ணீரிலா ஓடியது?

தேவகோட்டை ஆச்சி:
ஏன் தம்பி, பிரியமாகக் கூட்டிப்போனதற்குமா பேரேடு? எங்கள் ஐயா 1942-ல் பர்மாவிலிருந்து நடந்தே வந்தவர். மலைப்பாதையில் கூட வந்த பர்மாக்காரரைக் கடைசி வரை மறக்கவில்லை. வீட்டில் கறுப்புக் கவுனி அரிசி கிண்டினால் போதும், அந்தப் பேச்சு வந்துவிடும். பர்மா அரிசி இல்லையா.

கண்டனூர்ப் பையன்:
கவுனி அரிசி மலேயாவிலிருந்து வந்தது என்றுதானே ஆச்சி எங்கள் வீட்டில் சொல்வார்கள்?

தேவகோட்டை ஆச்சி:
சொல்வார்கள், சொல்வார்கள். ராத்திரியே ஊறப்போடாமல் குக்கரில் எட்டு விசில் விடுகிற வீட்டில் எதுவும் சொல்வார்கள்.

செக்காலைக்காரன்:
அரிசியை அப்புறம் ஊறப்போடுங்கள். பெட்ரோல்?

பள்ளத்தூரான்:
ஒரே ஒரு தடவை நான் போட்டேன். அவன் வேண்டாம் என்றுதான் கையைத் தட்டிவிட்டான். ஒரு லட்சம் டாங், நம்மூர்க் காசில் முந்நூறு சொச்சம். இதெல்லாம் ஒரு கணக்கா?

செக்காலைக்காரன்:
அப்படி வாருங்கள் வழிக்கு! நேற்று ஒரு காசு இல்லை, இன்று ஒரு லட்சம்! நானும் இதில் அடிபட்டவன்தான். தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் பார்க்கப் பினாங்கு போனேன். தண்ணீர்மலைக் கோவிலில் ஒருவன் "அண்ணே, அண்ணே" என்று ஒட்டிக்கொண்டான். இரண்டு நாள் நிழல் மாதிரி கூடவே வந்தான், எனக்குக் குடைகூடப் பிடித்தான். கடைசியில் ஒரு கடிகாரக் கடையில் கொண்டுபோய் விட்டான். நான் பணத்தை எண்ணும்போது கடைக்காரர் இவனைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! கடிகாரம் காரைக்குடி வந்து சேர்வதற்குள் நின்றுவிட்டது.

பள்ளத்தூரான்:
உங்களை ஏமாற்றியவன் பினாங்கில் இருக்கிறான். சைகோன்காரன் என்ன பாவம் செய்தான்? சரி, ஒரு துணையை நம்பி 140 கிலோமீட்டர் போனதைப் பற்றி யார் பேசுவது? பழனிப் பாதயாத்திரையில் குன்றக்குடி தாண்டியதும் பஸ் ஏறியவரா?

செக்காலைக்காரன்:
காலில் கொப்புளம். ஊருக்கே தெரியும். அந்த டிக்கெட்டுக்கு நான்தான் காசு கொடுத்தேன், நண்பன் எவனும் கொடுக்கவில்லை. பேச்சை மாற்றாதீர்கள். பெட்ரோல் போட்டீர்களா, இல்லையா?

கண்டனூர்ப் பையன்:
அண்ணே, அவர்தான் போட்டேன் என்று சொல்லிவிட்டாரே.

செக்காலைக்காரன்:
அதை நேற்றே ஏன் எழுதவில்லை என்பதுதான் கேள்வி.

பள்ளத்தூரான்:
மார்கழியில் அவன் இங்கே வருகிறான். நம் வீட்டுத் தரையில் பதிக்கிற ஆத்தங்குடிக் கல் எப்படிப் போடுகிறார்கள் என்று பார்க்க வேண்டுமாம். என் வண்டியில்தான் சுற்றப்போகிறான். ஒரு காசு வாங்க மாட்டேன்.

செக்காலைக்காரன்:
வரட்டும். பங்க்கில் வந்து நிற்கிறேன்.

தேவகோட்டை ஆச்சி:
மலேயாவாம், மலேயா.