சாம்பல் சேவல், சாம்பல் பேடு: கறுத்தக் குஞ்சு எங்கையிருந்து வந்தது?

ஒட்டுசுட்டான்_தங்கச்சி:
வணக்கம். எங்கட வளவில நிக்கிறது முழுக்க ஊர்க்கோழி. அதில ஒரு சோடி மட்டும் நல்ல சாம்பல், மழைமுகில் நிறம், ஒவ்வொரு இறகின்ர ஓரத்திலயும் கடுஞ்சாம்பலில ஒரு கரை. இந்த நிறம் இஞ்சை காணக் கிடைக்காது எண்டு அந்தப் பேட்டின்ர முட்டையைத்தான் அடைக்கு வச்சனான். இறகு முளைக்கப் பாத்தா அரைவாசிதான் சாம்பல். மிச்சத்தில கொஞ்சம் கன்னங்கறுப்பு, கொஞ்சம் அழுக்கு வெள்ளையில மை தெளிச்ச மாதிரி. “பேடு வேலி பாஞ்சிருக்கு” எண்டுறா மாமி. பக்கத்து வளவில கறுத்தச் சேவல் ஒண்டு நிக்கிறது உண்மை. கறுத்ததுகளைக் கறிக்கு விடலாமோ?

முத்தையன்கட்டு_விவசாயி:
மாமி சொல்லுறதுதான் சரி. பேட்டை அடைச்சு வளவுங்கோ, பிரச்சினை முடிஞ்சுது.

மாங்குளம்_அக்கா:
தங்கச்சி, கறுத்ததைச் சட்டியில போட்டிடாதேங்கோ!

மாமி சந்தேகப்படுறதும் பிழையில்லை. ஒருக்காச் சேந்தா சேவலின்ர விந்து பேட்டின்ர உடம்புக்குள்ள ரெண்டு மூண்டு கிழமை இருக்கும், அதால நேற்று அடைச்ச பேட்டின்ர முட்டைக்கு இண்டைக்கே உத்தரவாதம் குடுக்கேலாது. ஆனா அந்த மை தெளிச்ச குஞ்சுகளைப் பாருங்கோ, சாட்சி அதுகள்தான். சாம்பல் எண்டது தனி நிறமில்லை. கறுப்பை வெளிற வைக்கிற மரபணு ஒரு பிரதி இருந்தா சாம்பல், ரெண்டு இருந்தா மை தெளிச்ச வெள்ளை, இல்லாட்டி கறுப்பு. ரெண்டு பிரதி வேணுமெண்டா தாயும் ஒண்டு குடுக்கோணும், தகப்பனும் ஒண்டு குடுக்கோணும். பக்கத்து வளவுக் கறுத்தவரிட்டக் குடுக்க ஒண்டுமில்லை. அவர் தகப்பனெண்டா கறுப்பும் சாம்பலும் மட்டுந்தான் பொரிச்சிருக்கும்.

சாம்பலும் சாம்பலும் சேந்தா நாலில ரெண்டு சாம்பல், ஒண்டு கறுப்பு, ஒண்டு தெளிச்சது. நூறு வருசத்துக்கு முன்னமே இங்கிலாந்தில பேற்சன், பனெற் எண்ட மரபியல் ஆய்வாளர்மார் அந்தலூசியன் எண்ட சாம்பல் நிறக் கோழியினத்தில கண்டுபிடிச்ச கணக்கு இது. எத்தினை தலைமுறை சாம்பலையே தெரிஞ்செடுத்தாலும் மாறாது.

முழுக்கச் சாம்பல் வேணுமெண்டா கறுத்தப் பேடுகளுக்குத் தெளிச்ச சேவலை விடுங்கோ, குஞ்செல்லாம் சாம்பலாத்தான் வரும். கூடப்பிறந்ததுகளையே சோடி சேக்காதேங்கோ. வேற வளவில கறுத்தப் பேடு வாங்கி விட்டா நல்லம்.

ஒட்டுசுட்டான்_தங்கச்சி:
அக்கா, மாமிக்கு வாசிச்சுக் காட்டிட்டன். “அப்ப சரி” எண்டு அடுப்படிக்குப் போட்டா. இன்னொண்டு: உடம்பெல்லாம் வெள்ளை வரி விழுந்த கறுத்தப் பேடு ஒண்டும் நிக்குது. கறுத்தச் சேவலை விட்டா குஞ்சுக்கு வரி வருமோ?

மாங்குளம்_அக்கா:
சேவல் குஞ்சுகளுக்கு மட்டும் வரும். அந்த வரி, குஞ்சு ஆணோ பெண்ணோ எண்டு தீர்மானிக்கிற பால் நிறமூர்த்தத்தில (குரோமோசோமில) கிடக்கு, பேட்டிட்ட அது ஒரு பிரதிதான், அதையும் ஆண் குஞ்சுக்குத்தான் குடுக்கும். பொரிச்சு உடம்பு காஞ்ச உடன உச்சந்தலையைப் பாருங்கோ: வெள்ளைப் பொட்டு இருந்தா சேவல், இல்லாட்டிப் பேடு. குஞ்சு விக்கிற ஆக்களுக்கு இது பெரிய உதவி. மற்றப் பக்கமா, வரிச்சேவலுக்குக் கறுத்தப் பேடு விட்டா இந்த அடையாளம் வேலை செய்யாது.

முத்தையன்கட்டு_விவசாயி:
அப்பிடியெண்டா அக்கா, என்னட்ட வரிச்சேவல் ஒண்டு நிக்குது, அதை மாத்தி வரிப்பேடு தரக்கூடிய ஆக்கள் ஆரும் இருக்கினமோ?